வராதவர்களின் இடத்தில் ஆடியவர்

அத்தானுக்குச் சொந்தமாக ஒரு ஜெர்சி எண் இருந்ததே இல்லை. அக்காவைக் கட்டுவதற்கு முன்பிருந்தே எங்கள் கடற்கரைக் கால்பந்து அணியில் என்னோடு ஆடியவர் அவர். ஆழ்கடலுக்குப் போன படகு எந்த நாளில் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. போட்டியன்று யார் கரையில் இருக்கிறார்களோ அவர்கள்தான் அணி. கோல் கீப்பர் கடலில் இருந்தால் அத்தான் கையுறையை மாட்டிக்கொள்வார். பின்வரிசைக்காரன் வராவிட்டால் அங்கே போய் நிற்பார். வராதவனுடைய ஜெர்சிதான் அவருக்கு. ஒரு நாள் அது தொடை வரை தொங்கும், இன்னொரு நாள் தொப்புள் தெரியும். "நமக்கு எதானாலும் போதும்" என்று அதை இழுத்துவிட்டபடியே மைதானத்துக்குள் ஓடுவார்.

நானோ முன்வரிசையில் இடதுபக்கம் மட்டும்தான். இடதுகால் எனக்குப் பிறவியிலேயே வாய்த்த சொத்து. பந்து அந்தக் காலில் வந்து விழுந்தால் கோயில் மதில் மேல் உட்கார்ந்திருக்கிற கூட்டம் எழுந்துவிடும். விழாவிட்டால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு காத்து நிற்பேன். பந்தைத் தேடிப் போவதும் என் வேலைதான் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது. அந்த ஓட்டத்தையெல்லாம் எனக்கும் சேர்த்து அத்தான் ஓடினார். கடல்காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது, எதிர்ப்பக்கக்காரன் எந்தத் தோளைச் சாய்க்கிறான் என்று பார்த்துப் பார்த்து, ஆட்டத்துக்கு ஆட்டம் தன்னை மாற்றிக்கொண்டார். நாங்கள் ஜெயித்த போட்டிகளில் பாதிக்குமேல் அப்படி ஜெயித்தவைதான். மறுநாள் டீக்கடையில் பேசப்பட்டது மட்டும் என் கோல்.

ஒரு இறுதிப்போட்டிக்கு, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அன்று அத்தான் பின்வரிசையில் தொடங்கி, நடுவில் ஆடி, கீப்பருக்குக் கை பிசகியபிறகு கோல் கம்பத்துக்கு நடுவே நின்று ஆட்டத்தை முடித்தார். ஆட்டம் முடிந்ததும் அதிகாரி அவரைக் கூப்பிட்டு, "தம்பி, நீ எந்த இடத்துல ஆடுறவன்?" என்று கேட்டார்.

"யாரு வரல்லியோ, அவனுக்க இடத்துல சார்."

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார், நானும் சிரித்தேன். அத்தான் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். அதிகாரி என் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனேன். அங்கே அலுவலக அணியில் என்னைப் பின்வரிசைக்கு மாற்றிப் பார்த்தார்கள், நடுவில் போட்டுப் பார்த்தார்கள். எங்கே போட்டாலும் நான் பந்து காலுக்கு வரட்டும் என்றுதான் நின்றேன். சீக்கிரமே பெஞ்சுக்குப் போனேன், பிறகு ஆபீஸ் நாற்காலிக்கும் ஃபேனுக்கும் போனேன். சம்பளம் மட்டும் நிற்கவில்லை. அத்தான் ஊரிலேயே இருந்து, சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்தார். அக்கா நர்ஸ் வேலைக்குக் குவைத் போனாள். அம்மாவுக்கு ஒருபக்கம் வாதம் வந்து படுத்தபோது பக்கத்தில் இருந்தவர் அவர்தான். மருமகன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள் என் அம்மா. அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தலைவாரிவிடும் ஆளாக அத்தான் மாறியிருந்தார். நான் மாதாமாதம் பணம் அனுப்பினேன். அது போதும் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

போன மாதம் கொல்லம் பக்கத்துப் பள்ளி ஒன்று அத்தானைப் பயிற்சியாளராக அழைத்தது. சனிக்கிழமை காலை பிள்ளைகளை ஆடவைத்துக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலை, தங்க வீடு. அம்மாவையும் அங்கே கூட்டிப்போய்விடலாம் என்று அவர் யோசித்து வைத்திருந்தார். ஐம்பதை நெருங்குகிறவருக்கு முதல்முறையாக, அவருக்கென்றே ஒரு இடம். "நீங்க போங்க அத்தான், அம்மைய நான் பாத்துக்கிடுதேன்" என்று லீவு போட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்புமுன் அத்தான் செய்து காட்டினார். "கஞ்சிய கரண்டியில குடுக்காத மக்கா, அம்மைக்குப் பொரையேறும். டம்ளர பைய சாய்ச்சுப் பிடி. முழுங்குன பொறவு தொண்டையப் பாரு, பொறவு அடுத்த மடக்கு, கேட்டியா?" கேட்டேன். அவர் போனதும் கரண்டியை எடுத்தேன், எனக்கு அதுதான் கைக்கு வந்தது. முதல் வாயிலேயே அம்மாவுக்குப் புரையேறிக் கண் பிதுங்கிவிட்டது. அதற்குப் பிறகு டம்ளரைக் கொண்டுபோனாலும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். ராத்திரியும் பட்டினி. மாத்திரையும் உள்ளே போகவில்லை. ஈரத்துணி மாற்றப் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "நீ விருந்துக்கு வந்த பிள்ளையாக்கும். இதெல்லாம் செய்யாண்டாம்" என்றாள்.

பயந்துபோய் அத்தானுக்கு போன் செய்தேன். பக்கத்து வீட்டு ஆள் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம், அடுத்த தெருவில் டாக்டர் இருக்கிறார். எனக்குத் தோன்றியது அத்தான் ஒருவர்தான். காலையில் அவருக்கு என்ன இருக்கிறது என்பது தெரிந்துதான் கூப்பிட்டேன். "அம்மை மூச்சு விடுதாள்லா? பேடிக்காத, நான் வாறேன்" என்றார்.

விடியும்போது வந்து சேர்ந்தார். கைகால் கழுவிவிட்டு அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்து டம்ளரை உதட்டில் வைத்தார். அம்மா குடித்தாள். கொல்லத்தில் அந்த நேரம் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றிருப்பார்கள். "மன்னிச்சிருங்க அத்தான்" என்றேன். "அது போட்டு, விடு மக்கா" என்றார், டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தப் பள்ளி அடுத்த வாரமே வேறு ஒருவரை எடுத்துக்கொண்டது.

அன்று கஞ்சி முடிந்ததும் அம்மா அவர் கையைப் பிடித்து, குழறலாகச் சொன்னாள்.

"மக்கா, அவனுக்குச் சோறு எடுத்து வையி. பாவம், ரயிலுக்குப் போவணும்லா."

ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்தவர் எழுந்துபோய் எனக்கு இலை போட்டார். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.