படைவீரனின் மனுசி

காலையில் பஸ் தரிப்பில் நின்று நான் விறைத்துக்கொண்டிருக்க, என் காதுக்குள் ரோம சாம்ராச்சியம் விரிந்துகொண்டிருக்கும். இத்தாலி முழுவதும் பிடித்தாயிற்று, கடல் தாண்டிக் கார்த்தேஜும் விழுந்தாயிற்று, என்னுடைய பஸ் மட்டும் வந்தபாடில்லை. நான் வேலை செய்கிற கார்டெரி இல்-பிசார் தீவில் இருக்கிறது. தாய் தகப்பன் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற குஞ்சுகுருமான்களுக்கு மூக்குத் துடைத்து, சப்பாத்து மாட்டி, பிரெஞ்சில் பாட்டுப் பாடுகிற உத்தியோகம். மொன்றியலின் கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டிலிருந்து அது ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் அந்தத் தீவுக்குப் போகிற பஸ் தனக்கு மனம் வந்தால்தான் வரும்.

காதுக்குள் ரோமரை நடத்திக்கொண்டு வருபவர் என் மனுசன். மனுசன் என்று நான்தான் சொல்கிறேன், அம்மா சொல்லமாட்டா. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அவர் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிக்கிறார். முன்னால் வாங்குகளில் இருக்கிற பிள்ளைகள் போக, மட்டக்களப்பு, வவுனியா, முல்லைத்தீவு என்று தூர இடத்துப் பிள்ளைகளையும் போன் வழியாக வகுப்பில் சேர்த்துக்கொள்வார். அங்கே பின்னேர வகுப்பு, எனக்கு அது காலை. நானும் அவர்களோடு ஒருத்தியாக, பெயர் போடுகிற இடத்தில் ஒரு புள்ளியை மட்டும் போட்டு, மைக்கை மூடிவிட்டு இருந்து கேட்பேன். அது நான் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், பிள்ளைகள் அந்தப் புள்ளியை யாரோ கூச்சப்படுகிற பெட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தியமாக எனக்கு ரோமரில் இப்போது ஒரு அக்கறையும் இல்லை. எனக்கு வேண்டியது அந்தக் குரல். நான் வேலை முடிந்து வீடு திரும்பும்போது அவர் ஆழ்ந்த நித்திரையில் இருப்பார். அவர் எழும்பினால் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற அவதி, "சாப்பிட்டீரோ?" என்று ஒரு சொல், அதோடு சரி. வகுப்பில் என்றால் அவர் நின்று நிதானமாகக் கதைப்பார். பங்குனியில் இங்கே மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளும்போது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் குறையும். ஊரெல்லாம் நித்திரை போச்சுது என்று புறுபுறுக்க, நான் மட்டும் பெருநாள் மாதிரித் தலைமுழுகிவிட்டு நிற்பேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் இதே பாடத்தைத்தான் படித்தோம். ரோம் ஏன் அவ்வளவு பெருத்தது என்று ஒருநாள் வகுப்பில் கேள்வி வந்தது. அவர் எழும்பி, தெருக்கள் சேர், என்றார். எங்கே போனாலும் தெருப் போட்டான், தெருவில் படை போனது, படைக்குப் பின்னால் சாமான் போனது என்று கையை நீட்டி நீட்டி விளக்கினார். எனக்கு வாய் சும்மா இராது. தெருவைப் போட்டு என்ன செய்ய, தோற்றவனுக்கும் குடியுரிமை கொடுத்தபடியால்தான் அவன் நின்று பிடித்தான் என்று நான் எழும்பினேன். படிப்பித்த சேர் இரண்டு பேரையும் இருக்கச் சொன்னார். ரியூசன் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போதும் அந்தச் சண்டை முடியவில்லை. கடைசியில் அது சண்டை இல்லை என்று எங்களுக்கே விளங்கியபோது, கனடாவில் இருந்த அண்ணை எங்களைக் கூப்பிடப் போட்ட ஸ்பொன்சர் சரிவந்து நான் அம்மா அப்பாவோடு மொன்றியலுக்கு விமானம் ஏற வேண்டியதாகிவிட்டது.

அன்றிலிருந்து இன்றுவரை அவர் என்னை "நீர்" என்பார், நானும் அவரை "நீர்" என்பேன். அம்மாவுக்கு அது காதில் விழுந்தாலே பத்திக்கொண்டு வரும். கட்டப்போகிறவரை "நீங்கள்" என்று சொல்ல வாய் வராதோ என்று கேட்பா. ஒரே வாங்கில் இருந்து சண்டை பிடித்த ஆளை எப்படியம்மா "நீங்கள்" என்கிறது?

சில வருஷத்துக்கு முந்தி நான் ஊருக்குப் போனபோது எங்களுக்கு எழுத்து நடந்தது. எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதிவாளருக்கு முன்னால் கையெழுத்து வைத்தால் சட்டப்படி கலியாணம் முடிந்தது. ஆனால் தாலி ஏறும்வரைக்கும் சனத்தின் கணக்கில் அது கலியாணம் இல்லை. கையெழுத்து வைத்த அன்றைக்கே அவர் தன் வீட்டுக்குப் போய்விட்டார், நான் அப்பாவின் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு நான் இங்கே வந்து அவருக்கு ஸ்பொன்சர் போட்டேன். கனடா அரசாங்கத்துக்கு நான் ஒருவரின் மனைவி. கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிற அன்ரிமாருக்கு நான் இன்னும் குமர்ப்பிள்ளை. அவர்களில் ஒருத்தி ரொறொன்ரோ மாப்பிள்ளை ஒருவரின் படத்தைக்கூட அம்மாவிடம் காட்டியிருக்கிறா. அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தா, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"தாலி ஏறட்டும் பிள்ளை, பேந்து மனுசன் எண்டு சொல்லு," என்று அம்மா அடிக்கடி சொல்லுவா.

நீண்ட காத்திருப்புக்குப் பிறகு மாசியில் அவருக்கு விசா வந்தது. வருஷம் முடிவதற்குள் வந்து இறங்கினால் போதும். நான் கார்டெரியின் உடுப்பறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அம்மா ஆவணிக்கு மண்டபம் பேசினா, கூறைச்சேலையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்தாயிற்று. எல்லாம் சரி. அவர் மட்டும் டிக்கெட் போடவில்லை. எப்ப வாறீர் என்று கேட்டால், பார்ப்பம், போடுவம் என்பார். மற்றநாள் கேட்டால் வகுப்புக்கு நேரமாச்சு என்பார். குளிருக்குப் பயமோ, இங்கே வந்து கிடங்கில் பெட்டி தூக்கவேண்டுமே என்ற யோசனையோ, வேறு யாருமோ என்று நான் நினைக்காத நினைப்பில்லை. பஸ் தரிப்பில் நின்றபடி அவருடைய குரலுக்குள் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ தானுண்டு தன் செனற் சபையுண்டு என்று படிப்பித்துக்கொண்டிருந்தார்.

மணிக்கூடு மாறிய கிழமை. வெயில் எறித்தாலும் தெருவோரத்தில் பனி கறுத்துப்போய்க் குவிந்து கிடந்தது. அன்றைக்கு எல்லைப்புறத்துப் படைவீரர்கள் பற்றிய பாடம். நான் பஸ்ஸில் ஏறி யன்னல் பக்கம் இருந்தேன். முதல் சக்கரவர்த்தி காலத்திலிருந்து ரோமப் படைவீரன் கலியாணம் செய்யக்கூடாது என்று சட்டம் இருந்ததாம். இருபத்தைந்து வருஷம் சேவை. ஊரை விட்டு எங்கேயோ ஒரு குளிர்நாட்டுக் கோட்டையில் காவல். சட்டம் சட்டமாக இருக்க, கோட்டை மதிலுக்கு வெளியே குடிசைகள் முளைத்தன. அவற்றில் பெண்கள் இருந்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். சேவை முடிந்தால் வெளிநாட்டு வீரனுக்கு வெண்கலத் தகட்டில் எழுதிக் குடியுரிமை கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் அவளோடான கலியாணத்துக்கும் அரசு தலையாட்டும். இதையெல்லாம் அவர் மெல்ல மெல்லச் சொல்லிக்கொண்டு போனார். அவளுக்கு மனுசன் இருந்தான், சட்டம் இல்லை. எனக்குச் சட்டம் இருக்கிறது, மனுசன் இல்லை. யாருடைய பாடு பரவாயில்லை என்று கேட்டால் நான் யோசிக்காமல் அவளைத்தான் காட்டுவேன்.

பஸ் இரைச்சலில் குரல் சரியாகக் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றிச் சத்தத்தைக் கூட்டப் போனேன். விரலோ விறைத்த விரல், எதில் பட்டதென்று நான் பார்க்கவில்லை.

"சட்டத்தை ஒருக்கா விடுங்கோ," என்று அவர் வகுப்பைக் கேட்டார். "மதிலுக்கு வெளியில இருந்தவள் அவனுக்கு ஆர்?"

ஒரு பெடியன், சட்டப்படி ஒண்டுமில்லைத்தானே சேர் என்றான். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"கண்டறியாத சட்டம்," என்றேன். "அவள் அவன்ர மனுசி."

நான் வழக்கமாக இப்படித் தனக்குத்தானே பதில் சொல்லுகிற ஆள்தான். முன் சீட்டில் இருந்த கிழவி திரும்பிப் பார்த்தா. அதுவும் வழக்கம்தான். அந்த நேரம் பார்த்து அடுத்த தரிப்பின் பெயரை பஸ் பிரெஞ்சில் அறிவித்தது. அதே பிரெஞ்சு என் காதுக்குள்ளும் திரும்பி வந்தது, அதற்குப் பின்னால் பிள்ளைகளின் கொல்லென்ற சிரிப்பும். குனிந்து பார்த்தேன், மைக் திறந்து கிடந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஆரு சேர் அது?" என்று மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

யோசிக்கும்போது கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியால் மேசையைத் தட்டுகிற பழக்கம் அவருக்கு உண்டு. அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. தெரிந்த பிள்ளை என்று சொல்லலாம், பழைய மாணவி என்று சொல்லலாம், யாரோ தவறி வந்துவிட்டார்கள் என்று போனை அமத்தலாம். ஊரில் தாலி ஏறாத ஒருத்தியை வகுப்பு முழுக்கக் கேட்க வேறு என்னவென்று சொல்லுவது?

"அது என்ர மனுசி," என்றார். "கனடாவில இருக்கிறா."

பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள், வாங்கில் தட்டினார்கள். எனக்குச் சந்தோசம் தாங்கமுடியவில்லை. கூறைச்சேலையைக் கொண்டுவந்து அந்த பஸ்ஸிலேயே கட்டிவிட்டிருந்தாலும் நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கமாட்டேன்.

சிரிப்பு அடங்க அந்தப் பிள்ளை திரும்பக் கேட்டாள், அப்படியென்றால் சேர் கனடாவுக்குப் போகப்போகிறீர்களா என்று. வெண்கட்டிதான் திரும்பத் தட்டியது. எங்கட உயர்தரச் சோதினை இந்த வருஷக் கடைசியில்தானே சேர், பாதிப் பாடம்கூட முடியவில்லையே என்றாள். அப்போதுதான் டிக்கெட் ஏன் போடவில்லை என்று எனக்கு விளங்கியது. பாவி, இதை ஒரு சொல் என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா? சொன்னால் நான் துள்ளுவேன் என்று தெரியும். நான் துள்ளியிருப்பேன்தான்.

"புள்ளி அக்கா, கேக்குதா?" என்றாள் அந்தப் பிள்ளை. "எங்கட சோதினை முடியுமட்டும் சேரை எங்களுக்கு விடுவீங்களா?"

மாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. ஆவணி என்று சொல்ல வந்தது. மண்டபம், கூறை, அன்ரிமார், அம்மா திருப்பிக் கொடுத்த அந்தப் படம், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தது. போனுக்குள் அத்தனை பிள்ளைகளும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். அவர் ஒரு சொல்லும் எனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஓம் பிள்ளை," என்றேன். "சோதினை முடியட்டும்."

அவர், சரி, பாடத்துக்கு வருவம் என்றார். குரல் கொஞ்சம் கரகரத்தது, பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது. படைவீரனின் சேவை எவ்வளவு காலம் என்று கேட்டார். இருபத்தைந்து வருஷம் சேர் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

நான் மைக்கை மூடினேன். மூடியிருக்கிறதா என்று பார்த்தேன், பிறகு இன்னொருதரமும் பார்த்தேன். பஸ் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு இன்னும் உறைந்துதான் கிடந்தது. போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, இனி யாருக்கும் கேட்காது என்று தெரிந்தபிறகு, அந்தக் குரலிடம் சொன்னேன்.

"இப்பவே வாரும்."