கச்சா லிம்பு அடித்த கோல்

நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். இப்படிப்பட்டவள் எழுத வந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷமாகியும் ஒரு கோபம் மட்டும் ஆறவில்லை.

அறுபதுகளில் தாராவியில் இருந்தோம். என் தம்பிக்கு மீசை அரும்பிவிட்டது. புத்தி மட்டும் சின்னப் பிள்ளையுடையது. பம்பாய்ப் பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தில் சேரச் சொல்லி அழும் குழந்தையைக் ‘கச்சா லிம்பு’ என்று சேர்த்துக்கொள்வார்கள். பிஞ்சு எலுமிச்சை. ஓடலாம், ஆடலாம், எதுவும் கணக்கில் வராது. நாலு வயதுக் குழந்தைக்கு அது பிரியம்தான். என் தம்பியையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவிலிருந்து வசதியான வீட்டுத் தமிழ்ப் பையன்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஃபுட்பால் ஆட வந்தார்கள். தோல் காயப்போடும் திடல்தான் மைதானம்; முந்தின நாள் மழையில் அங்கங்கே சேறு. எங்கள் பக்கம் ஒருவனுக்குக் காய்ச்சல். கச்சா லிம்பு என்று சொல்லித் தம்பியை இறக்கினார்கள். அவனைக் கூட்டிப்போக வந்த நான் ஓரமாக நின்றேன்.

எங்கள் கோல் முன்னால் பந்து தம்பியின் கையில் பட்டது. பெனால்டி கொடுத்தார்கள். கோல் விழுந்தது. எங்கள் கேப்டன், பக்கத்து வீட்டுப் பையன், தம்பியின் தலையில் ஓங்கி அடித்தான்.

“ஏல மூதி, கையை மடக்கத் தெரியாதா?”

அந்த ஒரு கோலில்தான் பின்தங்கியிருந்தோம். கடைசியில் எதிர்ப்பக்கத்துக் கோல் முன்னால் பந்து சேற்றில் சிக்கியது. எல்லோரும் வழுக்கி விழுந்தார்கள். பந்தை விட்டுக் கண்ணை எடுக்காத தம்பி ஓடிவந்து உதைத்தான். உள்ளே போனது. கோல் அடித்தவர்கள் நிற்பதைப் போலவே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

மாதுங்கா கேப்டன் சிரித்தான். “கச்சா லிம்புன்னு நீங்கதானே சொன்னேள்? அவன் அடிச்சா எப்படிக் கணக்கு?”

எங்கள் கேப்டன் தம்பியை ஒருமுறை பார்த்தான். “சோடோ யார், விட்டுத் தள்ளு. லூசுப் பய கோலை வச்சு டிரா பண்ணோம்னு ஊரெல்லாம் சிரிப்பானுவ.”

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ, திடலுக்குள் இறங்கிவிட்டேன். “கை பட்டது கணக்கு, கால் பட்டது கணக்கில்லையாடே? கச்சா லிம்புன்னா அந்தப் பெனால்டியும் செல்லாதுல்லா!”

விசில் வைத்திருந்தவர் எங்கள் வரிசையில் குடியிருந்த மில் தொழிலாளி. “பொம்பளப் புள்ள, ஓரமாப் போம்மா. வெளையாட்டுதானே” என்றார்.

விளையாட்டுதான். வேலையில், பள்ளிக்கூடத்தில், கல்யாணப் பந்தியில் என் தம்பிக்கு இடமில்லை என்று சொன்னவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு காரணம் சொன்னார்கள். சேற்றில் பந்து உதைக்கவும் காரணம் வேண்டுமா? அவன் தப்பைத் தப்பென்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு அவன் கோலை எண்ண ஏன் வாய் வரவில்லை?

“எக்கா, கோல்தானே?” என்றான் தம்பி.

“கோல்தாம்லே” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவன் கையை இறக்கவே இல்லை. எங்கள் கேப்டன்தான் வந்து பிடித்து இறக்கிவிட்டான். தோற்றதாகவே ஆட்டம் முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆள் குறைகிறது என்று வாசலில் வந்து கூப்பிட்டார்கள். தம்பி போனான். கச்சா லிம்புவாகத்தான் சேர்த்தார்கள்.