படித்ததை மறைக்கும் திரை

கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், கோயமுத்தூர் பெரியப்பா வீட்டில் கற்றுக்கொண்டது. அதற்குப்பின் பெரிதாக எதுவும் சேரவில்லை. என் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பெரியப்பாவுக்குப் பம்புசெட் கம்பெனி. வெளிநாட்டு ஆர்டர்களுக்காக வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டரும், போன் லைனில் இணையமும் வைத்திருந்தார். இணையம் என்றால் படமெல்லாம் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுசுகூட இல்லை, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பொத்தான். அதில் செய்திக்குழு என்று ஒன்று உண்டு. உலகத்தில் யாரும் எழுதலாம், யாரும் படிக்கலாம். வெளிநாட்டுத் தமிழர்கள் அங்கே இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுத்து மட்டும் தமிழாகிவிட்டது.

அந்தக் கூட்டத்தில் அமெரிக்காவிலிருந்த அண்ணனும் எழுதுகிறான் என்று யாரோ பெரியம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் அவன் ஒரே மகன். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான், சாதி வேறு. அன்றிலிருந்து அவன் போன் செய்தால் பெரியப்பா எடுத்துக் கீழே வைத்துவிடுவார். பெரியம்மா போனைத் தொடக்கூடாது. கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பிப் போயின. மகன் நன்றாயிருக்கிறானா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு மிஞ்சியது அந்தக் கறுப்புத் திரைதான். அவளுக்கோ இங்கிலீஷ் எழுத்து தெரியாது.

தினமும் விளக்கேற்றிவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள்.

"ஏனுங்க, ஏதாச்சும் எழுதியிருக்கானுங்களா?"

பெரியப்பா ‘என்’ எழுத்துப் பொத்தானை அமுக்குவார். படிக்காதது எதுவும் இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி வரும்.

"ஒண்ணுங் காணோம்."

"நல்லாப் பாருங்க."

இன்னொரு தரம் அமுக்குவார். அதே வரி. அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போவாள்.

நான் அந்த ஹாலில்தான் படுத்திருந்தேன். விடியுமுன்பே மோடம் கிரீச்சிட்டு எழுப்பிவிடும். கண்ணைத் திறந்தால் பெரியப்பா திரைக்கு வெகு அருகில் குனிந்திருப்பார். ஆர்டர் பார்ப்பதாகச் சொல்லி, என்னைத் தூங்கச் சொல்வார். உழைப்பாளி மனிதர் என்று வியந்துகொண்டே தூங்கிப்போவேன்.

ஒரு மத்தியானம் வேலையில்லாமல் அந்தச் செய்திக்குழு நிரலின் உதவிப் பக்கத்தைத் திறந்து படித்தேன். அங்கேதான் விஷயம் இருந்தது. ஒருமுறை படித்ததை நிரல் தானாக மறைத்துவிடும், அப்படித்தான் செட்டிங். ‘ஆர்’ அமுக்கினால் பழையதும் சேர்ந்து தெரியும். ‘எஃப்’ அமுக்கினால் பதில் எழுதலாம். இரண்டே விரலில் டைப் அடிக்கிற பெரியப்பாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, பாவம் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அவர் "ஒண்ணுங் காணோம்" என்றதும் குறுக்கே கையை நீட்டி ‘ஆர்’ பொத்தானை அமுக்கினேன்.

திரை நிறைந்துவிட்டது. வரிக்கு வரி ஊர்ப்பட்ட பெயர்கள், நடுநடுவே அண்ணன் பெயர்.

பெரியம்மா பக்கத்தில் வந்தாள். அண்ணன் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோன இரும்புப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் இங்கிலீஷில் அவன் பெயர் இருக்கும். அந்தப் பெட்டியைத் தினமும் துடைக்கிறவள். திரையில் விரலை வைத்தாள்.

"இது நம்ம கண்ணு பேருதானுங்களே."

நான் சும்மா இருப்பேனா? அவள் விரல் இருந்த வரியை உரக்கப் படித்தேன். சந்தகை (வெந்த மாவைப் பிழிகிற எங்கள் பக்கத்து இடியாப்பம்) பிழிந்தால் ஒடிந்து ஒடிந்து விழுகிறதே, யாருக்காவது காரணம் தெரியுமா என்று ஊர் உலகத்தையே கேட்டிருந்தான்.

"மாவ ஆற உட்டிருப்பான்," என்றாள் பெரியம்மா. "ஆவி போறதுக்குள்ள புழியோணும்னு எழுதுங்க. எழுதுங்க, பாவம்."

"இதுல படிக்கத்தான் முடியும். எழுத வராது."

"பெரியப்பா, எஃப் அமுக்குனா..."

அவர் எட்டி, சுவரிலிருந்து போன் வயரைப் பிடுங்கினார். திரை அப்படியே நின்றது. பெரியம்மா அவரைப் பார்த்தாள். அப்புறம் அந்த நாற்காலிப் பக்கம் அவள் வந்ததே இல்லை.

மறுநாள் காலையில் சந்தகை பிழிந்தாள். ஒடியாமல் நூல் நூலாக விழுந்தது. பெரியப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். பெரியம்மாவும் சாப்பிடவில்லை. மூன்று பேர் பங்கையும் தேங்காய்ப்பால் ஊற்றி நானே முடித்தேன், நல்ல ருசி.

அண்ணன் ஊருக்கு வந்தபோது பெரியம்மா சுவரில் படமாக இருந்தாள்.

அந்த நிரலில் படிக்காத வரிகளுக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி இருக்கும்; படித்ததும் போய்விடும். அண்ணன் பெயர் இருந்த வரி ஒன்றில்கூட அந்தக் குறி இல்லை. ‘ஆர்’ அமுக்கிய அன்றே நான் அதைக் கவனித்தேன். அந்த வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தது பெரியப்பாவுக்கும் எனக்கும்தான். அன்றுவரை நான் ஒன்றையும் படித்ததில்லை. மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு, லீவு முடிந்ததும் எங்கள் ஊர் பவானிக்குப் பஸ் ஏறினேன்.