இடியில் நிறுத்திய இசை

பந்தல்குடிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலில் பியானோ வாசித்தவர் ஏசுவடியான் வாத்தியார். சீமைக்குத் திரும்பிய துரைசானி ஒருத்தி விட்டுப்போன பியானோ அது. பாதிக் கட்டைகள் இருமும். அதிலும் அவர் சொந்தமாக இசை கட்டினார். கண்ணால் எதையாவது பார்த்தால்தான் அவருக்கு ராகம் வரும். கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, வெடித்த கரிசலையும் உடைமர நிழலையும் வெகுநேரம் பார்ப்பார். பிறகு வந்து வாசிப்பார்.

“வாத்தியாரு மேகத்துக்குக் காவல் இருக்காக” என்று ஊர் கேலி பேசும். கேலி பேசினவர்களே ஞாயிற்றுக்கிழமை வாய் பிளந்து கேட்பார்கள்.

1946இல் புரட்டாசி முடிந்தும் மழை இல்லை. சபையில் மழை ஜெபம் வைத்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் வாத்தியார் ஒரு மேகத்தைப் பார்த்திருந்தார். நரிக்குடிப் பக்கமிருந்து கறுத்துத் திரண்டு வந்தது. மின்னி, உறுமி, ஒரு பொட்டுத் தண்ணீர் விடாமல் போய்விட்டது. ஜெபத்தில் அதைத்தான் வாசித்தார். மேல் கட்டைகளில் மின்னல் வெட்டியது, அடிக் கட்டைகளில் இடி உருண்டது. மேகம் போனதை மட்டும் விட்டுவிட்டார். மழை கேட்கிற இடத்தில் அதை எப்படி வாசிப்பது? இடியிலேயே நிறுத்தினார்.

பாதிச் சனம் எழுந்து வாசலுக்கு ஓடியது. வெளியே சுள்ளென்று வெயில். அசடு வழியத் திரும்பி வந்தார்கள்.

“எங்க அண்ணன் கையில கர்த்தரே பேசிட்டாரு” என்றாள் ஜெயக்கொடி. வாத்தியாரின் தங்கை, புருஷனை இழந்தவள். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் மிச்சமிருந்தது ஒரு பானை விதைக் கம்புதான்.

மழையை நம்பிப் புழுதியில் விதைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். எப்போது துணிவது என்பதை வானத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஜெயக்கொடி பியானோவைக் கேட்டு முடிவு செய்தாள். மறுநாளே பானையைக் காலி செய்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் வாத்தியார் தங்கை வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தங்கை சொன்ன புகழ் கொஞ்சம் இனிக்கவும் செய்தது, மனுஷன்தானே.

பிறகு ஒரே ஒரு தூறல் விழுந்தது. முளைக்க அது போதும், பிழைக்கப் போதாது. பச்சை தெரிந்த ஒரே வாரத்தில் அவள் விதைத்த காடு முழுக்கக் கருகியது.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, யாரும் கேட்காமலே வாத்தியார் அந்த மேகத்தை மறுபடி வாசித்தார். இந்தத் தடவை இடியோடு நிற்கவில்லை. உறுமல் தள்ளிப் போய்த் தேய்ந்தது. கடைசியில் வெறும் வானம்தான் இருந்தது. அவர் வாசித்ததிலேயே நல்லது அதுதான். சனம் கலைந்து போயிற்று.

ஜெயக்கொடி மட்டும் பியானோ அருகே வந்தாள்.

“மேகம் போனது அன்னைக்கே ஒனக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியும்மா.”

“அப்பவே வாசிச்சிருக்கலாம்லண்ணே. அந்தக் கம்பக் கஞ்சியாக் காச்சியாவது பிள்ளைகளுக்கு ஊத்தியிருப்பேன்.”