மாப்பிள்ளைக்கு மூன்றாம் கிரேடு

எங்கள் பக்கத்தில் ஒரு லீக் நடக்கிறது. பத்து ஓவர் ஆட்டம். அணிகளுக்கு முதலாளிகள் உண்டு, ஏலம் உண்டு, பளபளக்கும் சட்டை உண்டு, சட்டையின் முதுகில் ஷூ கம்பெனி விளம்பரம் உண்டு. வேலூரிலிருந்து ஆம்பூர் வரை தோலை நம்பிப் பிழைக்கும் ஜனங்கள் ஆடுவது டென்னிஸ் பந்தில். தோல் பந்து விரலை உடைத்துவிட்டால் திங்கட்கிழமை தையல் மெஷினில் உட்கார முடியாது. மைதானம் என்பது பாலாறுதான். ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்து ஊரே பாலத்தின் மேல் நின்று கும்பிட்டது; லீக் கமிட்டி மட்டும் துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் அணிகளை எடைபோட்டு எழுதுகிறவன் நான். யாரும் என்னை நியமிக்கவில்லை. தோல் தொழில்நுட்பம் படித்து, ஒரு தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் மேசைக்குத் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, உண்ணி கடித்த புள்ளியையும் கத்தி பட்ட கீறலையும் தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வுக்குப் பிறகும் கண் அந்த வேலையை விடவில்லை. விரிப்பதற்குத் தோல் இல்லாததால் ஆட்களை விரித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, ரிஜெக்ட் என்று அணிகளுக்கும் ஆட்களுக்கும் கிரேடு போட்டு, லீக்கின் செல்போன் குழுவில் அனுப்புவேன். தொடக்க நாளில் அதை மைக்கில் வாசிப்பார்கள். ஊர் சிரிக்கும். எழுபது வயதுக்கு மேல் ஒருவன் ஊரைச் சிரிக்க வைப்பது லேசான போதை அல்ல.

போன வருஷம் எழுதியதிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். பிரியாணிக் கடைக்காரரின் அணியைப் பற்றி: "இவர்களுடைய சிறந்த பந்துவீச்சாளர் சமையல்காரர்தான். காலை ஆட்டத்துக்கு வரும் எதிரணியை முதலில் சாப்பிடக் கூப்பிடுவார்கள். சாப்பிட்டவன் எவனும் இரண்டாவது ரன் ஓடியதில்லை." குடியாத்தம் லுங்கி முதலாளியின் அணிக்கு இரண்டாம் கிரேடு கொடுத்தேன்: "துணி அகலம், ஆட்டம் குறுகல். ஏலத்தில் பவர்லூம் சத்தத்தில் பேசிப் பழகியவர் கத்திய கத்தலில், வேண்டாத ஆளெல்லாம் இவர் தலையில் விழுந்துவிட்டார்கள்." திமிரிக்காரர்களுக்கு மூன்றாம் கிரேடு: "அறுவடை வந்தால் ஏழு பேரோடு வருவார்கள். ஏழு பேரும் பேட்ஸ்மேன்கள்." விரிஞ்சிபுரத்தார் டாஸ் போட ராகுகாலம் பார்க்கிறார்கள் என்றும், ராகுகாலம் முடிந்து தோற்கிறார்கள் என்றும் எழுதினேன்.

எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். பிரியாணிக்காரர் எனக்கே ஒரு பொட்டலம் அனுப்பிவைத்தார்.

மீதி இருந்தது ஷூ ஃபேக்டரி அணி. அதன் விக்கெட் கீப்பர் என் மருமகன். கணியம்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம், டிப்ளமோ படித்தவர், அந்த ஃபேக்டரியில் கான்ட்ராக்டில் இருந்தார். அணியைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் ஒரு காலத்தில் என் மேசையில் வேலை கற்றவர். அந்த சீசன் நன்றாக ஆடினால் சூப்பர்வைசராக நிரந்தரம் செய்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் பல பேர் அப்படித்தான் நிரந்தரமானார்கள். ஆபீஸில் கொடுக்கும் மனுவைவிட ஆற்றில் அடிக்கும் சிக்ஸர் சீக்கிரம் முதலாளியிடம் போய்ச் சேரும். என் மகள் இதை என்னிடம் சொல்லியிருந்தாள். ஆகவே தெரியாமல் எழுதினேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

என் மேசையில் எனக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. உறவுக்காரர் சரக்கு வந்தால் ஒரு கிரேடு இறக்கிப் போடுவேன். ஏற்றிப் போட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன். மருமகன் நல்ல கீப்பர், இரண்டாம் கிரேடுக்குக் குறையாதவர். மூன்று போட்டேன். போட்டால் காரணம் எழுத வேண்டுமே. எழுதினேன்:

"கீப்பர் என் மருமகன் என்பதால் உண்மையை மறைக்க மாட்டேன். நெருக்கடியில் இவருக்குக் கை நடுங்கும். தாலி கட்டும்போதே பார்த்தேன். முதல் முடிச்சே விழவில்லை, மொத்தத்தையும் அவர் அக்காதான் போட்டு முடித்தார்."

நான் அப்படி எதையும் பார்க்கவில்லை. முகூர்த்த நேரத்தில் என் முன்னால் வீடியோக்காரர் நின்றிருந்தார். அவர் முதுகைத்தான் பார்த்தேன். வரி நன்றாக வந்தது, விட்டுவிட்டேன்.

மைக்கில் அதை வாசித்தபோது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு. மருமகனும் சிரித்தார். வீட்டுக்கு வந்தால் நான் எழுந்து நின்று "வாங்க மாப்ள" என்று சொல்லும் மனிதர், கையில் கிளவுஸோடு கூட்டத்தின் நடுவில் நின்று சிரித்தார். முதல் ஆட்டத்தின் எட்டாவது ஓவரில் ஒரு பந்து நேராக மேலே போனது. அவர் கீழே போய் நின்றார். கரையிலிருந்து ஒருவன், "முடிச்சு அவுந்துரும், அக்காவ கூப்புடு" என்றான். கரை முழுக்க "அக்கா, அக்கா" என்று பிடித்துக்கொண்டது. பந்து கிளவுஸில் பட்டு மணலில் விழுந்தது. நானும் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த ஆட்டத்தில் அவர் தண்ணீர் பாட்டில் தூக்கினார். அதற்கடுத்த ஆட்டத்திலும் அதே.

மகள் வந்தாள். தனியாக வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாப்பா எழுதி வெச்சிருக்க? என் கல்யாணத்த வெச்சுதான் உனக்கு காமெடி பண்ணணுமா?"

"எல்லாரையும்தானம்மா எழுதினேன்."

"எல்லாரும் உன் வீட்ல பொண்ணு எடுத்தாங்களா? ஃபேக்டரி லைன்ல போற வர்றவன்லாம் அவர 'இன்னாபா, அக்கா வரல?'ன்னு கேக்குறான். போய் உன் மேனேஜர்கிட்ட பேசு."

போனேன். மேனேஜர் நாற்காலி எடுத்துப் போட்டார், டீ சொன்னார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"கீப்பரை ஏன் உட்கார வைத்துவிட்டீர்கள்?" என்றேன்.

"நீங்கதான சார் எழுதுனீங்க, கை நடுங்கும்னு."

"அது தமாஷ் அய்யா. பிரியாணிக்காரரையும்தான் எழுதினேன்."

"அது தமாஷ், சார். அவரு உங்களுக்கு யாரோ. மாமனாரே மருமகன இப்டி சொல்றாருன்னா, அதுல இன்னா தமாஷ்? முதலாளியே கேட்டாரு, சொந்த மாமனாரே மூணாம் கிரேடுன்னுட்டாரே, லைன்ல நூறு பேர இந்தாளு மேய்ப்பானான்னு. நான் இன்னா சொல்றது?"

இரண்டாம் கிரேடு ஆள்தான், உறவு என்பதால் இறக்கிப் போட்டேன், இப்போது திருத்தி எழுதுகிறேன் என்றேன்.

அவர் சிரித்தார். "சீல் குத்துன தோலுக்கு கிரேட ஏத்துறவன் காசு வாங்கினவன்னு எனக்கு சொல்லிக் குடுத்ததே நீங்க. இப்போ ஏத்தினா, பொண்ணு அழுதுச்சு, கெய்வன் மாத்திட்டான்னுவாங்க. இன்னும் ஜாஸ்தி கேவலம் சார்." பிறகு டீயைக் கீழே வைத்துவிட்டு, "சார், ஒன்னு கேக்கலாமா? உங்க சித்தப்பா பையன் சரக்கும் நம்ம டேபிளுக்கு வருமே. அதையும் இப்டித்தான் எறக்கினீங்களா?" என்றார்.

"ஆமாம்."

"வருஷம் பூரா?"

தலையாட்டினேன். "பாவம் சார் அந்த ஆளு" என்றார். டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தேன். எனக்கு அப்போது வாயில் வந்தது அதுதான்.

இருந்தும் திருத்தம் எழுதி அனுப்பினேன். கை நடுங்காத கீப்பர், லீக்கிலேயே சுத்தமான கிளவுஸ் என்றெல்லாம் எழுதினேன். குழுவில் சிரிக்கும் முகங்களாக வந்து விழுந்தன. "பெருசு மறுபடியும் கலாய்க்குது" என்று ஒருவர் போட்டார். லுங்கி முதலாளி, "மருமகனை விடுங்க சார், பாவம்" என்றார். புகழ்வதற்கு எனக்குச் சொல் வராது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போனது. மருமகன் கான்ட்ராக்டிலேயே தொடர்ந்தார். அடுத்த ஏலத்துக்கு அவர் பெயர் கொடுக்கவில்லை.

போன மாதம் கணியம்பாடிக்குப் போனேன். மகள் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவருகில் போய் நின்றாள். மருமகன் சட்டை போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். நான் எழுதியது தப்பு, மன்னிக்க வேண்டும் என்று நேராகச் சொன்னேன்.

"அட, விடுங்க மாமா. இந்த வருஷம் பிரிவ்யூ எழுதிட்டீங்களா? எல்லாம் கேட்டுனு இருக்கானுங்க."

எழுதவில்லை என்றேன். அவர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

"அன்னிக்கு நெஜமாவே நடுங்கிச்சா மாமா? எனக்கு யோசிச்சு யோசிச்சுப் பாத்தாலும் ஞாபகம் வர்ல. ஆனா இப்போ வண்டி சாவி போடும்போதுகூட லேசா ஆடுது. அப்போவே இருந்திருக்கும்போல."

"இல்லை மாப்ள. நான் பார்க்கவே இல்லை. வீடியோக்காரர் மறைத்துக்கொண்டிருந்தார். நானாகத்தான் எழுதினேன்."

கதவருகில் நின்ற மகள், "பாத்தியா, பாக்கலியா? ஒன்னு சொல்லுப்பா" என்றாள்.

"பார்க்கவில்லை."

"ஏய், நீ சும்மா இரு," என்றார் மருமகன் அவளிடம். "மாமா எனக்காகச் சொல்றாரு." பிறகு என் பக்கம் திரும்பி, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.