மூன்று கோப்பையும் ஒன்றுதான்

நெஸு ஃபுமியே ஜப்பானின் யமனாஷியிலுள்ள விஸ்கி ஆலையில் இருபத்திரண்டு வருடமாகப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டியவள். அன்று காலை சுவைப்பு அறையில், விஸ்கியைச் சுவைத்துத் தரம் சொல்லும் ஐந்து ஆண்களுக்குப் பக்கத்தில், ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சோதனையில் தேறினால் அந்த நாற்காலி அவளுடையது. இல்லையென்றால் மறுபடியும் லேபிள்.

அதற்காக மூன்று வருடம் வாயைக் கட்டியிருந்தாள். பூண்டு இல்லை, ஊறுகாய் இல்லை, மணக்கிற சோப்புகூட இல்லை. மாலையில் கடையில் கிடைக்கிற சாதாரணக் கலவை விஸ்கி கொஞ்சம், அதே அளவு தண்ணீர். குடிப்பதற்கு முன் கால்மணி நேரம் முகர்வாள். தண்ணீர் பட்டால்தான் அது பேசும் என்பாள். முதலில் பேரிக்காய், பிறகு ஈர மரம், கடைசியில் அணைந்த அடுப்பின் மெல்லிய புகை. இருபது பீப்பாய் விஸ்கி ஒன்றாகக் கலந்தும் ஒன்றை ஒன்று மிதிக்காமல் நிற்பது அவளுக்கு ஆச்சரியம்.

"நீ குடிக்கிறியா, விசாரணை பண்றியா?" என்று கணவர் தமோட்சு கேட்பார்.

சோதனை எளிது. நிறம் தெரியாதபடி நீலக் கண்ணாடிக் கோப்பைகள் மூன்று. இரண்டில் பழைய கலவை, ஒன்றில் புதியது. வேறானது எது என்று தாளில் உள்ள கட்டத்தில் குறிக்க வேண்டும்.

தலைமைக் கலவையாளர் ஹிராயிவா மூன்றாவது கோப்பையைச் சற்றுக் கூடுதல் நேரம் கையில் வைத்திருந்தார். மற்ற நால்வருக்கும் அது போதுமாயிருந்தது. ஐந்து தாளிலும் மூன்றாவதே குறிக்கப்பட்டது. புகை தூக்கல் என்றார் ஒருவர். தேன் என்றார் இன்னொருவர்.

ஃபுமியே மூன்றையும் இருமுறை சுவைத்தாள். தாளின் ஓரத்தில் 'மூன்றும் ஒன்று' என்று எழுதினாள்.

"நெஸு சான், அதுக்கு இதுல கட்டமே இல்லையே" என்றார் ஹிராயிவா.

"தெரியும். அதான் ஓரத்துல எழுதினேன்."

லேபிள் பசை மூக்கை அடைத்துவிட்டது என்று தேன்காரர் முணுமுணுக்க, மற்றவர்கள் சிரித்தார்கள். ஏதாவது ஒன்றைக் குறித்துவிடும்படி ஹிராயிவா தணிவாகச் சொன்னார்.

"இல்லாத வித்தியாசத்தை நான் எங்கேருந்து கொண்டு வர்றது? ஊத்தினவரைக் கேளுங்க."

கோப்பைகளில் ஊற்றிய உதவியாளர் கனேமாரு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முகம் சிவக்கத் திரும்பி வந்தார். கையில் புதிய கலவைப் புட்டி. மூடியின் முத்திரை உடைபடவே இல்லை.

தேன்காரர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். இன்றைய சோதனை ரத்து, அடுத்த மாதம் வாருங்கள் என்றார் ஹிராயிவா.

ஃபுமியே எழுந்திருக்கவில்லை. "இப்பவே ஊத்தச் சொல்லுங்க. ஆனா இந்தத் தடவை யாரும் யார் கையையும் பாக்க வேண்டாம்" என்று சொல்லி, நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் தரையில் இழுபட்டது ஹிராயிவாவின் நாற்காலி. மற்றவையும் ஒவ்வொன்றாகத் திரும்பின.

இந்த முறை சரியாகக் குறித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஹிராயிவா. மறுநாள் லேபிள் பிரிவில் ஃபுமியேவின் இடத்துக்கு வேறு ஆள் தேட வேண்டியிருந்தது.