நாற்பத்தாறு கோட்டில் நாற்பத்தெட்டு

சாத்தூர்க்காரன் ஒருவன் சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்தான் என்றால் நம் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓசூர்த் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டருக்காக ஏசியைக் குளிரக் குளிர வைத்திருந்தார்கள். அந்தக் குளிரைவிட எனக்குப் பயம்தான் அதிகம். பதினாறு வருடம் பலகையில் பென்சிலால் வரைந்த டிராஃப்ட்ஸ்மேன் நான். மூன்று மாதத்தில் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொள்ளாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். அப்போதுதான் குடும்பத்தை அழைத்துவந்து, மகளைப் பள்ளியில் சேர்த்திருந்தேன்.

சொல்லிக்கொடுத்தவள் மஞ்சுளா, பாகலூர்ப் பெண், இருபத்திரண்டு வயது. நாற்பது பயிற்சித் தாள்கள் கொடுத்தாள். என்னிடம் தமிழ், வாட்ச்மேனிடம் கன்னடம், பக்கத்து மேசைத் தோழியிடம் தெலுங்கு. ஒருநாள் தெலுங்கில் ஏதோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். என்னைத்தான் என்று நினைத்து மூன்று நாள் சந்தேகமே கேட்கவில்லை. பாகலூர் பஸ் கண்டக்டரைப் பற்றிய பேச்சு அது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த மூன்று நாளில் இரண்டு தாள் வீணானது.

நாற்பதாவது தாள்தான் பரீட்சை. ஓர் இரும்புத் தகடு, அதில் இரண்டு துளைகள், இடையே நாற்பத்தெட்டு மில்லிமீட்டர். முடித்துவிட்டுப் பார்த்தால் நாற்பத்தாறு என்று காட்டியது. நேரமில்லை. பலகையில் என்றால் பிளேடால் எண்ணைச் சுரண்டிவிட்டுச் சரியானதை எழுதிவிடுவோம். பட்டறையில் எண்ணைத்தான் படிப்பார்கள், காகிதத்தில் யாரும் ஸ்கேல் வைத்துப் பார்ப்பதில்லை. அதையே இங்கும் செய்தேன். கோட்டைத் தொடாமல், எண்ணை மட்டும் நாற்பத்தெட்டு என்று அடித்தேன். அச்சில் எடுத்த தாளைப் பார்த்து மேலாளர் மகிழ்ந்துபோனார். “நல்லா இருக்கே! இதையே ஃப்ளாப்பியில போட்டு வெட்டுறதுக்கு அனுப்பிடலாம்” என்றார்.

மஞ்சுளாவிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். “ஏம்மா, வெட்டுறவரு நம்பரத்தான பாப்பாரு?”

“அவரு எங்க சார் பாக்கறாரு? மெஷினு ஃபைல்ல இருக்கற கோட்டத்தான் பாக்கும். நீங்க என்னா எழுதனாலும் அதுக்கு ஒண்ணுந் தெரியாது.”

பேசாமல் இருந்தால் தகடு பாழாகும். சொன்னால் நான் தோற்றவன். மகளின் பள்ளிச் சீருடைதான் கண்முன் நின்றது. ஃப்ளாப்பி கீழே பட்டறைக்குப் போவதற்குள் மேலாளரிடம் ஓடி, செய்ததைச் சொன்னேன். அவர் அச்செடுத்த தாளை மடித்து மேசை டிராயரில் போட்டார்.

“திங்கக்கெழம வேற ஒண்ணு தரேன். போட்டுக் காட்டுங்க.”

திங்கட்கிழமை ஒவ்வொரு கோட்டையும் மூன்று முறை அளந்து போட்டேன். வேலை நிலைத்தது. என்னோடு கற்ற இன்னொரு பலகைக்காரரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த பொங்கலுக்குச் சாத்தூர் போனபோது, வீடு கட்டிக்கொண்டிருந்த என் மைத்துனன் முன்வாசல் கேட்டுக்கு ஒரு படம் கேட்டான். தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். ஒரு கோடு பிசகியது. உடனே என் இடது கை மேசை ஓரத்தைத் தட்டத் தொடங்கியது. கம்ப்யூட்டரில் யூ எழுத்தைத் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு தானே மறைந்துவிடும். கை அதைத் தேடியது.

“என்ன மச்சான், மேசையத் தட்டிக்கிட்டு இருக்கீக?”

ஒன்றுமில்லை என்றேன். நாளை ஓசூர் என்னை வேண்டாம் என்றால், இங்கே வந்து பிழைக்க எந்தக் கை இருக்கிறது என்று பயமாக இருந்தது. வலது கையால் ரப்பரை எடுத்து அழித்தேன். இடது கை இன்னும் மேசை ஓரத்திலேயே இருந்தது.